அளவு கொடுத்தவள்

எஞ்சினும் சக்கரமுமாக வெறும் எலும்புக்கூட்டோடு வந்து நிற்கிற லாரிகளுக்கு உடம்பு கட்டி அனுப்புகிற ஊர் வேலாங்காட்டுப்பாளையம். அந்த ஊரில் பதினேழு பட்டறைகள் இருந்தன, பதினேழு பட்டறைகளிலும் பொழுது விடிந்து பொழுது சாய்கிற வரைக்கும் சுத்தியல் சத்தம் இருந்தது, அந்தச் சத்தத்துக்கு நடுவே பத்தொன்பது வருஷம் காலை நீட்டாமல் தூங்கிய ஒரு பெண்ணும் இருந்தாள். அவள் பெயர் சம்பூரணம்.

காலை நீட்டாமல் என்று நான் கதைக்காகச் சொல்லவில்லை. அவள் புருஷன் செங்கோடன், தங்கராசு என்பவரின் பட்டறையில் தலைமை மேஸ்திரி, பட்டறைக்குப் பின்னாலேயே வீடு, வீட்டில் இரண்டே அறை. ஒன்றில் செங்கோடனின் தங்கை வளர்மதி தன் புருஷனோடு இருந்தாள். ஆடிக்குப் பதினைந்து நாள் இருந்துவிட்டுப் போகலாமென்று வந்தவள், வந்து பத்தொன்பது ஆடி ஆகியிருந்தது. இன்னொரு அறையில் டயர்கள் இருந்தன. டயர் வெயிலில் கிடந்தால் வெடித்துப்போகும், அதனால் அதற்கு ஒரு அறை வேண்டியிருந்தது. சம்பூரணம் எங்கே கிடந்தாலும் வெடிப்பதில்லை. செங்கோடன் பட்டறை வாசலில் கயிற்றுக் கட்டில் போட்டுப் படுப்பான், காவலுக்குக் காவல், காற்றுக்குக் காற்று. அவளுக்குச் சமையலறையில் கேஸ் சிலிண்டருக்கும் அரிசி டிரம்முக்கும் நடுவில் இடம் இருந்தது, மூன்றேமுக்கால் அடி. அதில் அவள் ஒருக்களித்து, முழங்காலை நெஞ்சுக்கு ஏற்றி, வீட்டுக்கும் பட்டறை ஆட்கள் பதினெட்டுப் பேருக்கும் மறுநாள் என்ன குழம்பு வைப்பது என்று யோசித்தபடியே தூங்கிப்போவாள்.

ஒருநாள் மத்தியானம் பாத்திரம் கழுவிவிட்டு உட்கார்ந்தவள் செல்போனில் ஒரு படம் பார்த்தாள். வெளிதேசத்துப் பெண் ஒருத்தி, காருக்குப் பின்னால் கோத்து இழுத்துக்கொண்டு போகிற சின்ன வண்டி ஒன்றை வீட்டிலேயே கட்டியிருந்தாள். முன்பக்கம் குண்டாக வளைந்து பின்பக்கம் சரிந்து ஒல்லியாகி, கன்னத்தில் இறங்குகிற கண்ணீர்த் துளியைப் படுக்கப்போட்ட மாதிரி இருந்தது. அந்தப் பெண் கதவைத் திறந்து உள்ளே போனாள், மெத்தையில் மல்லாந்தாள், காலை நீட்டினாள். சம்பூரணம் அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்ப ஓடவிட்டு நாற்பது தடவை பார்த்தாள், நாற்பத்தோராவது தடவை எழுந்து பட்டறைக்குப் போனாள்.

"ஏனுங்க, இது மாதிரி ஒண்ணு எனக்குக் கட்டிக் குடுக்கறீங்களா?"

"எதுக்குப் புள்ள?"

"உள்ள போயி காலை நீட்டிப் படுக்கறதுக்குங்க."

கல்யாணமாகி அவள் கேட்ட முதல் பொருள் அதுதான். செங்கோடன் படத்தைத் தொழில்காரனாகப் பார்த்தான். "இதென்ன பெரிய வேலையா? நாலு பிளைவுட், ஒரு அச்சு, ரெண்டு டயரு. பிளானைக் கொண்டா, கட்டிப்புடலாம்," என்றான். செங்கோடன் கெட்டவன் இல்லை. அதனால் யாருக்கும் ஒரு பிரயோசனமும் இல்லை என்றாலும் சொல்லி வைக்கிறேன்.

அவள் செல்போனில் தேடித் தேடி மூன்று பிளான் எடுத்து, ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் போட்டுக் கொண்டுவந்தாள். முதல் பிளானில் படுக்கை மட்டும்தான், ஆறரை அடி, பக்கத்துக்கு ஒரு ஜன்னல், வேறு ஒன்றுமில்லை. இரண்டாவதில் படுக்கையைக் குறைத்து வால்பக்கம் சமையல்கட்டு வைத்திருந்தார்கள். பின்மூடியைத் தூக்கினால் அடுப்பும் தட்டும் தெரியும், சமைக்கிற ஆள் வெளியே தரையில் நின்றபடி சமைக்க வேண்டும். மூன்றாவதில் கூரை விரிந்து நாலு பேர் படுக்கலாம். மூன்றையும் சோற்றுப் பானைக்குப் பக்கத்தில் வைத்திருந்ததால், சாப்பிட வந்த பதினெட்டுப் பேரும் பார்த்தார்கள், பதினெட்டுப் பேருக்கும் ஒரு அபிப்பிராயம் இருந்தது.

"அடுப்பில்லாத வண்டியை வெச்சுட்டு என்ன பண்ணுவீங்க அண்ணி?" என்றாள் வளர்மதி. "போற எடத்துல பசிக்காதா?"

"ரெண்டாவதுதான் பிளானு," என்றார் பட்டறை முதலாளி தங்கராசு, வாயில் சோற்றோடு. "மொதலாவது வெறும் பொட்டி."

"எனக்கு அந்தப் பொட்டி போதுங்க," என்றாள் சம்பூரணம். அவள் அப்படிச் சொன்னதை யாரும் மனதில் வைத்துக்கொள்ளவில்லை, ஆனால் செங்கோடன் சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டு முதல் பிளானையே எடுத்தான்.

வேலாங்காட்டுப்பாளையத்துப் பட்டறைகளில் ஒரு வழக்கம் உண்டு. காகிதத்தில் என்ன போட்டிருந்தாலும், அதை முழு அளவில் சாக்பீசால் தரையில் வரைந்த பிறகுதான் மரத்தில் ரம்பம் வைப்பார்கள். டிரைவர் படுக்கிற பலகைக்கு, அந்த டிரைவரையே கோட்டுக்குள் படுக்கச் சொல்லி அளவு கொடுக்க வைப்பார்கள். படுத்தவர் எழுந்து "அளவு சரி" என்று வாயால் சொல்ல வேண்டும்; அப்படிச் சொல்லிவிட்டால் அந்தக் கோட்டை அதன்பிறகு முதலாளியே வந்தாலும் அழிக்கக்கூடாது. ஒரு ஆள் ஒரு வண்டியில் ஒரே ஒரு இடத்துக்குத்தான் அளவு கொடுக்கலாம், இரண்டு இடத்தில் கொடுத்தால் பின்னால் கொடுத்ததுதான் நிற்கும். இதெல்லாம் எந்தக் காகிதத்திலும் கிடையாது, ஆனாலும் பதினேழு பட்டறையிலும் இதைத் தாண்டியவர் இல்லை.

ஐப்பசி மாதம், ஒரு வியாழக்கிழமை காலை, செங்கோடன் பட்டறையின் ஈசானிய மூலையைப் பெருக்கி அந்தக் கண்ணீர்த் துளியைச் சாக்பீசால் வரைந்தான், சம்பூரணம் செருப்பைக் கழற்றிவிட்டுக் கோட்டுக்குள் போய்ப் படுத்தாள். முதலில் பழக்கதோஷத்தில் முழங்காலை மடக்கினாள். "நீட்டு புள்ள, அளவு வேணுமில்ல," என்று செங்கோடன் சொன்ன பிறகு நீட்டினாள். ஒரு கால், பிறகு இன்னொரு கால். இடுப்பெலும்பு சடக்கென்று ஒரு சத்தம் போட்டது. பிறகு அவள் கண்ணை மூடிக்கொண்டாள், அளவு சரி என்று சொல்லவில்லை, ஏனென்றால் அதற்குள் தூங்கிவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் மழை பிடித்தது. தகரக் கூரையில் நூறு ஓட்டை, பட்டறை முழுக்க ஒழுகியது, ஆனால் துளிக்கு மேலே வந்த தண்ணீர் கோட்டின் ஓரமாகவே வளைந்து இறங்கிப் போனது. வெல்டிங் பொறி பறந்து வந்து கோட்டில் பட்டு அணைந்தது. செங்கோடன் அவள் தோளைத் தட்டப் போனான், கை கோட்டுக்கு மேலே நின்றுவிட்டது, கண்ணாடியும் இல்லை சுவரும் இல்லை, வெறுமனே அதற்கு மேல் கைக்குப் போக வழியில்லை. வளர்மதி காதருகே குனிந்து கத்திப் பார்த்தாள், முதலாளி ஹாரன் அடித்துப் பார்த்தார், சம்பூரணம் வாயை லேசாகத் திறந்து குறட்டை விட்டாள். எல்லோரும் சுற்றி நின்று பார்த்தார்கள், பார்த்துவிட்டு மணி பன்னிரண்டரை ஆயிற்று என்று கவனித்தார்கள், அப்புறம் முதலாளி எல்லோர் மனதிலும் இருந்ததைக் கேட்டார். "அப்ப சோறு?"

அவள் ஐந்து நாள் தூங்கினாள். ஆறாவது நாள் விழித்து, உட்கார்ந்து, எல்லோரையும் பார்த்துச் சிரித்து, "இன்னும் கொஞ்சம் படுத்துக்கறேனுங்க," என்று சொல்லிவிட்டு மறுபடியும் நீட்டினாள். பசிக்கிறதா என்று கேட்டதற்கு உள்ளே பசி வரவில்லை என்றாள். வெளியே இருந்தவர்களுக்கு வந்தது. பட்டறை ஆட்கள் முதல் நாள் பரோட்டா தின்றார்கள், இரண்டாம் நாளும் பரோட்டா தின்றார்கள், நாலாம் நாள் பாதிப் பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வேலைக்கு வரவில்லை. வளர்மதி உலை வைத்தாள், சோறு அடிப்பிடித்தது, அதற்கும் சம்பூரணத்தைத்தான் திட்டினாள்.

ஊர் என்றால் எதையும் ஜீரணித்துக்கொள்ளும். பத்து நாளுக்குள் பஸ் கண்டக்டர்கள் "தூங்குற பொம்பளை ஸ்டாப்பு எறங்கு" என்று கூவத் தொடங்கினார்கள். பதினைந்து நாளுக்குள் பக்கத்துப் பட்டறைகளிலும் துளி வரைந்து தங்கள் தங்கள் முதலாளிகளைப் படுக்க வைத்துப் பார்த்தார்கள், மழை அவர்கள்மேல் தாராளமாகப் பெய்தது. டிவிக்காரர்கள் வந்து படம் பிடித்துப் போட்டார்கள், சம்பூரணத்தை நாற்பது விநாடி காட்டிவிட்டு முதலாளியின் பேட்டியை நாலு நிமிஷம் காட்டினார்கள். ரேஷன் கடைக்காரர் வந்து கார்டில் பெயரை என்ன செய்வது என்று கேட்டார். தூக்கம் வராதவர்கள் வந்து கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து பெருமூச்சு விட்டுப் போனார்கள். பெண்கள் மட்டும் கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து வந்து, அவள் நீட்டியிருந்த கால்களையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, வீட்டில் வேலை கிடக்கிறது என்று கிளம்பினார்கள். இது எப்படி நடந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. எப்போது முடியும் என்று எல்லோரும் கேட்டார்கள்.

வழியைக் கண்டுபிடித்தது செங்கோடன்தான், அதுவும் வேண்டுமென்றே இல்லை. வால்பக்கம் ஒரு கோடு அரை அங்குலம் கோணலாக இருந்தது அவன் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது, ஒருநாள் தாங்காமல் சாக்பீசை எடுத்து அதைத் திருத்தினான். கை உள்ளே போனது. சாக்பீசைக் கீழே வைத்துவிட்டு நீட்டினான், போகவில்லை. சாக்பீசோடு நீட்டினான், போனது. அவன் அப்படியே குந்தி உட்கார்ந்து வெகுநேரம் யோசித்தான், யோசித்துவிட்டு வால்பக்கம் ஒரு சின்னச் சதுரம் வரைந்தான், அதற்குள் ஒரு வட்டம். அடுப்பு.

சம்பூரணத்தின் உள்ளங்காலில் கோடு இடித்தது. விழித்துக்கொண்டாள்.

"ஒரு அடுப்பு மட்டும் வெச்சுக்கலாம் புள்ள," என்றான் செங்கோடன். கன்னம் ஒட்டிப்போயிருந்தது அவனுக்கு, சட்டையில் பித்தான் இல்லை. "நாலு நாளா சோறு எறங்கல. உன்ற படுக்கையைத் தொடமாட்டேன். ஒரு சாண்தான்."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். பாவமாகத்தான் இருந்தது. அந்த இரக்கத்துக்கு யார் மேல் பழி போடுவது என்று எனக்குத் தெரியவில்லை, ஆனால் ஆத்திரமாக வருகிறது. "ஒரு சாண் தானுங்களே," என்று சொல்லி அவளே காலை இழுத்து இடம் விட்டாள்.

அடுத்த நாள் முதலாளி வந்து, இத்தனை பேருக்குச் சமைக்க ஒரு அடுப்பு காணாது கண்ணு, ரெண்டாப் போட்டா உனக்குத்தான் சிரமம் கொறையும் என்றார். அதற்கு அடுத்த நாள் வளர்மதி கிரைண்டருக்கு இடம் கேட்டாள், என்ற இடுப்பு வலி உங்களுக்குத் தெரியாததா அண்ணி என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தண்ணீர் டிரம்முக்கு ஒரு முழம் போயிற்று. சோறு வடிக்கிற பெரிய போசிக்கு ஒன்றரைச் சாண் போயிற்று. ஒவ்வொருவரும் தன்மையாகத்தான் கேட்டார்கள், ஒருவரும் அதட்டவில்லை, அவள் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மடங்கினாள், அளவு சரி என்று அவள் இன்னும் சொல்லாததால் ஒவ்வொரு தடவையும் செங்கோடன் பழைய கோட்டைத் துணியால் துடைத்துப் புதுக் கோட்டைச் சுத்தமாகப் போட்டான். முதல் பிளான் இரண்டாவது பிளானாயிற்று, இரண்டாவது பிளான் எந்தப் பிளானிலும் இல்லாத ஒன்றாயிற்று. படுக்கை மூன்றேமுக்கால் அடிக்கு வந்து நின்றபோது அவளுக்கு அது புதிதாகவே இல்லை.

"கடைசியா ஒண்ணு," என்றான் செங்கோடன். "அடுப்பு வெளிப்பக்கம் பாத்த மாதிரி வருது. சமைக்கற ஆளு நிக்கற எடம் எவ்வளவுன்னு தெரிஞ்சாத்தான் மூடி எவ்வளவு ஒசரம் தூக்கறதுன்னு போட முடியும். காலை மட்டும் கொஞ்சம் வெளிய வெச்சுக் காட்டு."

அவள் எழுந்து, துளியின் வாலைத் தாண்டி இரண்டு பாதங்களையும் வெளியே வைத்தாள். மழையில் ஊறிய தரை ஜில்லென்றிருந்தது. செங்கோடன் அந்தப் பாதங்களைச் சுற்றிச் சாக்பீசால் வரைந்தான், விரல் விரலாக, அத்தனை அக்கறையாக. பத்தொன்பது வருஷத்தில் அவள் காலை அவன் அப்படித் தொட்டதில்லை, அவளுக்கு வெட்கமாகக்கூட இருந்தது.

"சொல்லிப்போடு புள்ள. சொன்னாத்தான ரம்பம் வெக்க முடியும். கட்டி முடிச்சு மேட்டூருக்கு இழுத்துட்டுப் போறேன், ஜன்னலைத் திறந்து வெச்சுட்டு அணையைப் பாத்துட்டே படுத்துக்க."

"அளவு சரிங்க," என்றாள் சம்பூரணம்.

ஆறே நாளில் வண்டி முடிந்தது. பதினெட்டுப் பேரும் வேறு வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்தார்கள், லாரிக்கு அடிக்கிற சிவப்பிலும் மஞ்சளிலும் பூவும் கிளியும் எழுதினார்கள், பிளைவுட் வளைந்த இடத்தில் ஒரு பிசிறு கிடையாது. அந்த ஆறு நாளும் அவள், பாதம் வரைந்திருந்த இடத்திலேயே நின்று, வரைந்த அடுப்பு நிஜ அடுப்பாகிற வரை பக்கத்தில் செங்கல் கூட்டிச் சமைத்துப் போட்டாள், ஆட்களின் வயிறு தேறியது. ஏழாம் நாள் பூஜை போட்டு எலுமிச்சம்பழம் நசுக்கியதும் அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கதவுக்குப் போனாள். மூன்றேமுக்கால் அடியானாலும் அது அவளுடையது அல்லவா.

கை கதவுக்கு முன்னால் நின்றுவிட்டது. கால் வைத்தாள், கால் நின்றுவிட்டது.

"வெளிய அளவு குடுத்துட்டீங்களே அக்கா," என்றான் அருகில் நின்ற வெல்டர், அவனுக்கே அப்போதுதான் உறைத்தது. "பின்னால குடுத்ததுதான நிக்கும்."

வளர்மதி, சும்மா பார்க்கிறேன் என்று தலையை நுழைத்தாள், வழி விட்டது. உள்ளே போய் உட்கார்ந்தாள், மூலைவாட்டில் படுத்தாள், அவள் குள்ளம், அவளுக்கு அந்த இடம் தாராளமாகவே இருந்தது, காலை நீட்டினாள், மூன்று நாள் எழுந்திருக்கவில்லை. நாலாம் நாள் இடுப்பு வலி போய்விட்டது என்று ஊரெல்லாம் சொன்னாள். அவளுக்குப் பிறகு அவள் புருஷன் படுத்தான், அவனுக்குப் பிறகு முதலாளி படுத்தார், காலை ஜன்னல் வழியாக வெளியே நீட்டிக்கொண்டு படுத்தார், மழை அந்தக் கால்களையும் தொடவில்லை. நல்ல வண்டி, என்ன வண்டி, சம்பூரணம் புண்ணியத்தில் இப்படி ஒரு தூக்கம் என்று எல்லோரும் வாயார வாழ்த்தினார்கள்.

ஒருநாள் வேலை நேரத்தில் சம்பூரணம் ஈசானிய மூலைக்குப் போய், ஒரு துண்டுச் சாக்பீசால் முதல் பிளானை நினைவிலிருந்தே வரைந்தாள், ஆறரை அடி, பக்கத்துக்கு ஒரு ஜன்னல், கோணல் இல்லாமல் நன்றாகத்தான் வரைந்தாள். உள்ளே படுத்து நீட்டினாள். வெல்டிங் பொறி வந்து முழங்கையில் விழுந்தது. கூரைத் தண்ணீர் நெற்றியில் சொட்டியது. பலகை தூக்கிக்கொண்டு வந்த இரண்டு பேர், "அக்கா, கொஞ்சம் நகருங்க," என்று அவளைத் தாண்டிப் போனார்கள், அவர்கள் காலில் பட்டுக் கோடு அழிந்தது. அவள் அழுதாள். சுத்தியல் சத்தத்தில் கேட்கவில்லை.

கார்த்திகையில் மேட்டூருக்குக் கிளம்பினார்கள். முதலாளியின் காரில் வண்டியைக் கோத்தார்கள், முன்சீட்டில் முதலாளியும் செங்கோடனும், வண்டிக்குள் படுத்தபடி வளர்மதி, காரின் பின்சீட்டில் அவள் புருஷன். அவன் பக்கத்தில் அரிசி மூட்டையும் போசியும் வைத்ததால் வேறு இடமில்லை. சம்பூரணம் விடியக்காலையிலேயே பஸ் ஏறி, இரண்டு பஸ் மாறி, அணைக்குப் பக்கத்தில் அவர்கள் சொன்ன புளியமரத்தடியில் போய் நின்றாள். பத்து மணிக்கு வண்டி வந்தது. கூடவே மழையும் வந்தது. அவள் பின்மூடியைத் தூக்கினாள். பிளானில் இருந்தபடியே மூடி அடுப்புக்கு மட்டும் குடை பிடித்தது, அவள் தலைக்கு ஒரு சாண் முன்னாலேயே முடிந்துவிட்டது. அவள் நனைந்துகொண்டே மீன் குழம்பு வைத்தாள். எல்லோரும் காரில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள், மேட்டூர் மீன் என்றால் மேட்டூர் மீன்தான் என்றார்கள், வளர்மதி ஏப்பம் விட்டுக்கொண்டே உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். முதலாளி காரின் சீட்டைச் சாய்த்துக்கொண்டார். ரெண்டு நாள் இருந்துவிட்டுப் போகலாம், மழைக்கு நல்லாத்தான் இருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள்.

செங்கோடன் கை கழுவ வால்பக்கம் வந்தபோது சம்பூரணம் கேட்டாள்.

"ஏனுங்க, நான் எங்கங்க படுக்கறது?"

அந்தக் கேள்வி அவனுக்கு நியாயமாகவே பட்டது. கையைத் துடைத்துக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து பிளானை எடுத்து விரித்தான். தரைக் கோட்டைப் பார்த்து அவனே திருத்தி எழுதிய காகிதம். வண்டியின் மூக்கிலிருந்து தொடங்கினான், ஜன்னல், கதவு, படுக்கை, டிரம், கிரைண்டர், அடுப்பு என்று ஈர விரலை ஒவ்வொரு கோட்டின் மேலும் நிதானமாக வைத்து வால் வரைக்கும் வந்தான், சந்தேகத்துக்கு இன்னொரு முறையும் மேலிருந்து கீழே பார்த்தான். ஏமாற்ற நினைக்கிறவன் அத்தனை கவனமாகப் பார்க்கமாட்டான்.

"பிளான்ல வரலியே புள்ள," என்றான் கடைசியில், மெய்யாகவே வருத்தத்தோடு. "நீதான அளவு சரின்னு சொன்ன."

சம்பூரணம் காகிதத்தை அவன் கையிலிருந்து வாங்கினாள். ஓரம் நனையத் தொடங்கியிருந்தது. அதை நாலாக மடித்து, தண்ணீர் படாமல் மூடிக்குக் கீழே, மிளகாய்த்தூள் டப்பாவுக்குப் பின்னால் செருகி வைத்தாள்.

"ராத்திரிக்கு எத்தனை பேருங்க?" என்று கேட்டாள்.